நம் வீட்டில் குடியிருக்கும் ஹாலஜன்கள்

(நம் சங்கத்தின் சுற்றுலாவின்போது ஜவ்வாது மலை ஜமுனாமரத்தூரில், இரவு உணவுக்கு முன் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர இயலாதவர்களுக்காக, செயலாளர் கேட்டுக்கொண்டபடி எழுதித் தந்திருக்கிறேன்.)



"பாட்டுக்குப் பாட்டு எப்போது?" என்று பின்னாலிருந்து கேட்பது காதில் விழுகிறது. எனக்கு இருபது நிமிடம் கொடுங்கள் போதும். வங்கியில் கிளார்க்காக இருந்தவன் நேரத்தோடு கவுன்ட்டரை மூடிவிடுவான்.

இந்த மேஜையில் ஐந்து பொருள்கள் வைத்திருக்கிறேன். ஒரு பற்பசை. ஒரு பிளீச்சிங் பவுடர் பொட்டலம். என் கல்யாணத்தில் எடுத்த கறுப்பு வெள்ளைப் போட்டோ. காயத்துக்குப் போடும் பழுப்பு மருந்து. ஒரு பாக்கெட் கல் உப்பு. இந்த ஐந்திலும் ஒரே குடும்பத்து ஆட்கள் இருக்கிறார்கள். ஃப்ளூரின், குளோரின், புரோமின், அயோடின். வேதியியலில் இவர்களுக்கு ஹாலஜன்கள் என்று பெயர். கிரேக்க மொழியில் 'உப்பை உண்டாக்குபவை' என்று பொருள். பழைய தமிழ்ப் பாடநூல்களில் 'உப்பீனிகள்' என்று படித்தவர்கள் இங்கே இருக்கலாம்.

பி.காம். படித்தவனுக்கு வேதியியல் எதற்கு என்று நீங்கள் கேட்பீர்கள். காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சொல்லக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

சென்ற போகிக்கு முந்தைய நாள், எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மா குளியலறையைக் கழுவ வந்தார். தரையில் கறை அதிகம். பிளீச்சிங் பவுடரை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அது போதவில்லை என்றதும் பாத்ரூம் ஆசிட் பாட்டிலையும் நான்தான் எடுத்துக் கொடுத்தேன். "இரண்டையும் சேர்த்துப் போடுங்கள், பளிச்சென்று ஆகிவிடும்" என்று சொன்னதும் நான்தான். பனிக்காலம் என்பதால் ஜன்னல் மூடியிருந்தது. இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. உள்ளிருந்து இருமல் சத்தம் கேட்டது. சாதாரண இருமல் இல்லை, மூச்சுக்குத் தவிக்கும் இருமல். என் மனைவி ஓடிப்போய் அவரைக் கைத்தாங்கலாக வெளியே இழுத்து வந்தாள். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்து ஒரு இரவு முழுக்கப் படுக்க வைத்தார்கள். பிழைத்துக்கொண்டார். ஆனாலும் அந்த இருமல் பல நாள் நிற்கவில்லை.

டாக்டர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "இரண்டையும் சேர்த்தால் குளோரின் வாயு வரும் என்று தெரியாதா சார்?" தெரியாது. அறுபது வயதைத் தாண்டியும் தெரியாது. அந்த வாரமே ப்ளஸ் டூ வேதியியல் புத்தகத்தை வாங்கி வந்து உட்கார்ந்தேன். அதில் புரிந்ததைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

எனக்குப் புரிந்தது வங்கிக் கணக்கு வழியாகத்தான். எங்கள் காலத்தில் மாலையில் கேஷ் டேலி ஆகவில்லை என்றால் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. ஆயிரம் குறைந்தாலும் ஒன்றுதான், ஒரு ரூபாய் குறைந்தாலும் ஒன்றுதான். ஹாலஜன் அணுக்களின் நிலைமையும் அதுதான். வெளிச்சுற்றில் எட்டு எலக்ட்ரான் இருந்தால் கணக்கு நேர். இவர்களிடம் இருப்பதோ ஏழு. ஒன்றே ஒன்று குறைகிறது. அந்த ஒன்றை யாரிடமிருந்தாவது வாங்கும் வரை இவர்களுக்கு நிம்மதி கிடையாது.

வேறு ஆள் கிடைக்காதபோது தங்களுக்குள்ளேயே இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து, ஆளுக்கு ஒரு எலக்ட்ரானைப் போட்டு ஜாயின்ட் அக்கவுன்ட் வைத்துக்கொள்கிறார்கள். குளோரின் வாயு என்பது இப்படி ஜோடி சேர்ந்த அணுக்கள்தான். ஆனால் கொடுப்பதற்குத் தயாராக இருக்கும் சோடியம் போன்ற ஆள் கிடைத்துவிட்டால், ஜாயின்ட் அக்கவுன்ட்டை மூடிவிட்டு அங்கே போய்விடுகிறார்கள். கணக்கு நேராகிறது. குளோரின் குளோரைடாகி, சோறில் போடும் உப்பாகிறது. ஒரே ஆள்தான். கணக்கு நேராகாதபோது நுரையீரலை எரிக்கிறது. நேரானபின் ரசத்துக்கு ருசி தருகிறது.

அடுத்த கேள்விதான் எனக்கு வியப்பாக இருந்தது. ஒரே குடும்பம், ஒரே குறை. அப்படியிருக்க ஃப்ளூரின் வெளிர்மஞ்சள் வாயு. குளோரின் பச்சை கலந்த மஞ்சள் வாயு. புரோமின் செம்பழுப்புத் திரவம். அயோடின் கறுத்து மினுங்கும் திடப்பொருள், சூடு காட்டினால் அழகான ஊதா ஆவி. வாயு, திரவம், திடம் என்று மூன்று நிலைகளும் ஒரே வீட்டில். எப்படி?

நம் குடியிருப்பின் மாலை நேரத்தை நினைத்துப் பாருங்கள். சின்னப் பிள்ளைகள் ஓரிடத்தில் நிற்பதில்லை. பிடித்து உட்கார வைத்தாலும் நழுவி ஓடிவிடும். நடுவயதுக்காரர்கள் கூட்டமாக, பேசிக்கொண்டே வளாகத்தைச் சுற்றி நடக்கிறார்கள். எங்களைப் போன்ற பெரியவர்கள் பெஞ்சில் உட்கார்ந்தால் எழுந்திருப்பதில்லை. ஃப்ளூரின் சின்ன அணு, எலக்ட்ரான்கள் குறைவு. ஒரு ஜோடிக்கும் பக்கத்து ஜோடிக்கும் உள்ள ஈர்ப்பு மிகமிகக் கம்மி. அதனால் ஓடித் திரிகிறது. குடும்பத்தில் கீழே இறங்க இறங்க அணு பருத்துக்கொண்டே போகிறது. எலக்ட்ரான் கூட்டம் பெரிதாகிறது. கூட்டம் பெரிதானால் அது அசைந்து ஒரு பக்கமாகச் சாய்வதும் சுலபம். அந்தச் சாய்வினால்தான் ஒரு ஜோடி பக்கத்து ஜோடியை இழுத்து ஒட்டிக்கொள்கிறது. அயோடினில் இந்த ஒட்டுதல் அதிகம். அதனால் கல்லாக உட்கார்ந்துவிடுகிறது.

எண்களையும் சொல்லிவிடுகிறேன். கொதிநிலை ஃப்ளூரினுக்குச் சுழிக்குக் கீழே 188 டிகிரி, குளோரினுக்குச் சுழிக்குக் கீழே 34 டிகிரி. நம் வீட்டு ஃப்ரீசர் சுழிக்குக் கீழே 18 டிகிரி வரை போகும். அதற்குள் வைத்தாலும் குளோரின் வாயுவாகவே இருக்கும். புரோமினோ சுழிக்குக் கீழே 7 டிகிரியிலேயே உறைந்துவிடும். 59 டிகிரியில், அதாவது குடிக்கிற காபியின் சூட்டில், கொதித்துவிடும். அயோடின் உருகுவதற்கே 114 டிகிரி வேண்டும். ஆனால் அதற்குக் காத்திருக்காமல், அறைச் சூட்டிலேயே கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக்கொண்டிருக்கும். இந்தக் கடைசிக் குணத்தை நினைவில் வையுங்கள். உப்பு பாக்கெட்டுக்கு வரும்போது தேவைப்படும்.

வீரியமோ இதற்கு நேர்மாறு. ஓடித் திரியும் ஃப்ளூரின்தான் எல்லோரையும்விட மூர்க்கம். எதிர்ப்பட்ட எதனிடமிருந்தும் அந்த ஒரு எலக்ட்ரானைப் பறித்துவிடும். அதைத் தனியாகப் பிடிக்க முயன்ற வேதியியலாளர்கள் பலர் உடல்நலம் கெட்டார்கள், சிலர் உயிரையே இழந்தார்கள். 1886-இல் பிரான்சின் ஆன்றி முவாசான் பிடித்துக் காட்டினார். 1906-இல் அவருக்கு நோபல் பரிசு. கீழே வர வர வேகம் தணிகிறது. குடும்பத்தின் ஐந்தாவது ஆள் அஸ்டட்டின் கதிரியக்கத்தில் தானே அழிந்துகொண்டிருப்பவர். அவர் நம் வீட்டுக்கு வரமாட்டார், விட்டுவிடலாம்.

இப்போது மேஜைக்கு வருவோம்.

முதலில் பற்பசை. இதில் இருப்பது ஃப்ளூரின் அல்ல, கணக்கு நேரான ஃப்ளூரைடு. பல்லின் மேற்பூச்சோடு சேர்ந்து அதை உறுதியாக்குகிறது. கொஞ்சம் இருந்தால் நல்லது, அதிகமானால் கெடுதல். இந்த மலையிலிருந்து மேற்கே இறங்கித் திருப்பத்தூரைத் தாண்டினால் கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்கள். அங்கே பல ஊர்களில் பாறையிலிருந்து கரைந்த ஃப்ளூரைடு நிலத்தடி நீரில் கலந்து, பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறையையும், பெரியவர்களின் மூட்டுகளில் இறுக்கத்தையும் கொண்டுவந்தது. அதற்காகத்தான் காவிரி நீரைக் கொண்டுபோகும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013-இல் அது பயன்பாட்டுக்கு வந்தது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். 'எதற்கும் காய்ச்சிக் குடித்துவிடு' என்று நாம் சொல்வோம். குளோரின் வாயு, காய்ச்சினால் போய்விடும். ஃப்ளூரைடு ஓடுகிற நிலையில் இல்லை, கரைந்த உப்பாக உட்கார்ந்திருக்கிறது. காய்ச்சினால் தண்ணீர்தான் வற்றும், ஃப்ளூரைடு செறிவாகும். குடிநீரில் அது லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. நம் போர்வெல் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பும்போது இந்த வரியையும் பாருங்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் பட்டாணி அளவு பற்பசை போதும். விழுங்காமல் துப்பச் சொல்லுங்கள்.

இரண்டாவது பிளீச்சிங் பவுடர். என்னைத் தலைகுனிய வைத்தது இதுதான். வங்கியில் சஸ்பென்ஸ் அக்கவுன்ட் என்று ஒன்று உண்டு. எந்தக் கணக்கில் சேரும் என்று முடிவாகாத பணத்தைத் தற்காலிகமாக அதில் போட்டு வைப்போம். பிளீச்சிங் பவுடரில் குளோரின் அப்படித்தான் இருக்கிறது. தண்ணீரில் போட்டால் மெல்ல வெளிவந்து கிருமியைக் கொல்லும். அமிலம் பட்டாலோ மொத்தமும் ஒரே நேரத்தில் வாயுவாக வெளியேறும். பாத்ரூம் ஆசிட் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான். அதாவது இரண்டு பாட்டிலும் ஒரே குடும்பம்.

அந்த அம்மாவை ஏன் அவ்வளவு கடுமையாகத் தாக்கியது என்றும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். குளோரின் ஜோடியின் எடை 71. காற்றின் சராசரி 29. ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனம். கனமான வாயு மேலே போகாது, தரையில் தேங்கும். அவர் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, முகம் தரைக்கு ஒரு முழம் மேலே இருக்கத் தேய்த்துக்கொண்டிருந்தார். நின்றுகொண்டு பாட்டிலை நீட்டிய எனக்குக் கண் லேசாக எரிந்ததோடு சரி. ஆபத்தை எடுத்துக் கொடுத்தவன் நான், அனுபவித்தவர் அவர்.

இதில் மறக்கக்கூடாதவை மூன்று. ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் கலக்காதீர்கள், ஒன்றைப் போட்டுக் கழுவிவிடாமல் மற்றதைப் போடாதீர்கள். தவறிப்போய் வாயு கிளம்பினால் குனியாதீர்கள், படுக்காதீர்கள். உடனே வெளியே, திறந்த வெளிக்கு, முடிந்தால் மேடான இடத்துக்குப் போங்கள். இருமல் நின்றுவிட்டதே என்று வீட்டில் இருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், பாதிப்பு சில மணி நேரம் கழித்தும் கூடலாம்.

சம்ப் பற்றியும் ஒரு வார்த்தை. சுகாதாரத் துறை சொல்லும் அளவு ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர். 20,000 லிட்டர் சம்ப்புக்கு 80 கிராம். வாளியில் கரைத்துத் தெளியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் ஊற்ற வேண்டும். அரை மணி நேரம் கழித்துத்தான் தண்ணீரைப் பயன்படுத்த வேண்டும். குழாயில் வரும்போது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிச்சம் இருக்க வேண்டும். இன்னொன்று, விலை மலிவு என்று பெரிய மூட்டையாக வாங்கித் திறந்தபடி வைக்கிறோம். குளோரின் மெல்ல மெல்லப் பறந்துபோய்விடும். ஆறு மாதம் கழித்து நாம் சம்ப்பில் போடுவது பெரும்பாலும் சுண்ணாம்பு. வரவு செலவுப் புத்தகத்தில் கையிருப்பு என்று எழுதியிருப்போம், மூட்டையில் சரக்கு இருக்காது. இதைவிட மோசமான தேய்மானத்தை நான் எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் பார்த்ததில்லை.

மூன்றாவது போட்டோ. இதில் புரோமின். உலோகம் அல்லாத தனிமங்களில் சாதாரணச் சூட்டில் திரவமாக இருப்பது இது ஒன்றுதான். உப்பளத்தில் உப்பு எடுத்தபின் மிஞ்சும் கசப்பு நீரில் இது உண்டு. 1826-இல் பிரான்சில் அப்படிப்பட்ட நீரிலிருந்துதான் பலார் என்பவர் கண்டுபிடித்தார். குஜராத்தில் இன்றும் அந்த நீரிலிருந்தே எடுக்கிறார்கள். எப்படி என்றால், அந்த நீரில் குளோரினை விடுவார்கள். தம்பி புரோமினிடம் இருக்கும் எலக்ட்ரானை அண்ணன் குளோரின் பறித்துக்கொண்டு, அவரைத் தனியாக வெளியே தள்ளிவிடுகிறார். குடும்பம் என்றால் இதுவும் இருக்கத்தானே செய்யும்!

வெள்ளியோடு சேர்ந்த புரோமைடு வெளிச்சத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். ஒளி பட்ட இடம், மருந்தில் கழுவும்போது கறுக்கும். நம் கல்யாண ஆல்பம் அப்படித்தான் வந்தது. நாளை நாம் காவலூர் வழியாகத் திரும்பும்போது, இந்த மலைமேலேயே அதன் பெரிய வேலையை நினைத்துப் பார்க்கலாம். அங்கே 1972-இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1986-இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி வந்து, வைணு பாப்பு பெயரைத் தாங்கி நிற்கிறது. 1988 பிப்ரவரியில் அங்கே கண்டுபிடித்த சிறுகோள் ஒன்றுக்கு நம் கணித மேதை இராமானுஜன் பெயர். மின்னணுக் கருவிகள் வரும்வரை, வானத்தின் வெளிச்சத்தை இரவெல்லாம் வாங்கிப் பதிவு செய்ததெல்லாம் இந்த வெள்ளி உப்புப் பூச்சுதான்.

நான்காவது பழுப்பு மருந்து. இதில் அயோடின். பிள்ளைகளே, இதோ இந்த டம்ளரில் சோறு வடித்த கஞ்சி. ஒரு சொட்டு விடுகிறேன். பார்த்தீர்களா, கருநீலம்! மாவுப்பொருளைக் கண்டால் அயோடின் நிறம் மாறிவிடும். (இந்த இடத்தில் பிள்ளைகள் முண்டியடித்ததில் ஒரு டம்ளர் கஞ்சி கொட்டியது. மன்னிக்கவும்.)

கடைசியாக உப்பு. இந்த மலையில் நின்று பேசுவதால் இதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம்.

இங்கே சாமை விளைகிறது, தேன் கிடைக்கிறது, பலா காய்க்கிறது. உப்பு மட்டும் கிடையாது. அது மரக்காணத்திலிருந்தோ வேதாரண்யத்திலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ மலையேறி வர வேண்டும். அயோடினும் அப்படித்தான். மலைச்சரிவு மண்ணில் இருக்கும் அயோடினைக் காலங்காலமாகப் பெய்யும் மழை கழுவிக் கடலுக்குக் கொண்டுபோய்விடுகிறது. மண்ணில் குறைந்தால் பயிரில் குறையும். பயிரில் குறைந்தால் உடம்பில் குறையும். கழுத்துக்கழலை மலைநாடுகளில் அதிகம் காணப்பட்டது இதனால்தான். கழலையாவது கண்ணுக்குத் தெரிகிறது. கர்ப்பிணிக்கு அயோடின் குறைந்தால் பிறக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கும், அது வெளியே தெரியாது.

1956-இல் இமயமலையடிவாரத்தில் காங்க்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் ராமலிங்கசுவாமியும் குழுவினரும் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். இரண்டு பகுதிகளுக்கு அயோடின் சேர்த்த உப்பு, ஒரு பகுதிக்குச் சாதாரண உப்பு. சில ஆண்டுகளில் அயோடின் உப்பு கிடைத்த பகுதிகளின் பிள்ளைகளிடம் கழலை வெகுவாகக் குறைந்தது. 1962-இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் வந்தது. மனிதர் உண்பதற்கு அயோடின் சேர்க்காத உப்பை விற்கக்கூடாது என்ற தடை, ஒருமுறை விலக்கப்பட்டு, 2006-இல் மீண்டும் வந்தது.

எவ்வளவு தேவை தெரியுமா? பெரியவருக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம். 150-ஐ 365-ஆல் பெருக்கி, 70 ஆண்டுகளால் பெருக்கினேன். நாலு கிராம்கூட இல்லை. ஆயுள் முழுவதற்கும் ஒரு டீஸ்பூன் நிரம்பாத சரக்கு! ஆனால் மொத்தமாக டெபாசிட் செய்ய முடியாது, உடம்பு அதைப் பல மாதங்களுக்குச் சேர்த்து வைக்காது. தினமும் கட்ட வேண்டிய தவணை இது. தயாரிக்கும் இடத்தில் உப்பில் பத்து லட்சத்துக்கு 30 பங்கு அயோடின், நம் கைக்கு வரும்போது 15 பங்காவது இருக்க வேண்டும் என்பது விதி. வரும் வழியில் பறந்துபோவதற்காக அந்த இடைவெளி. அயோடின் ஆவியாகும் என்று சொன்னேன் அல்லவா? அதனால்தான் நம் நாட்டு உப்பில் சீக்கிரம் சிதையும் அயோடைடைப் போடாமல், நம் ஈரக்காற்றையும் தாங்கும் பொட்டாசியம் அயோடேட்டைச் சேர்க்கிறார்கள்.

2018-19-இல் நடந்த தேசிய ஆய்வில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்துவதில் தமிழ்நாடு கடைசி வரிசையில் இருந்தது. கடலும் உப்பளமும் இருக்கும் மாநிலம்! நம் கல் உப்புப் பழக்கம் அதற்கு ஒரு காரணம். கல் உப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. பாக்கெட்டில் அயோடின் சேர்த்தது என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அழுக்கு போகட்டும் என்று உப்பைக் கழுவாதீர்கள், மேலே படிந்த அயோடின்தான் முதலில் போகும். அடுப்புக்குப் பக்கத்தில் திறந்து வைக்காமல், மூடிபோட்ட டப்பாவில் ஈரம் படாமல் வையுங்கள். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டர் சொன்ன அளவைத் தாண்டாதீர்கள். தைராய்டுக்கு மருந்து சாப்பிடுபவர்கள் அவரையே கேட்டுக்கொள்ளுங்கள்.

என் நேரம் முடிகிறது. சங்கத்திடம் இரண்டு வேண்டுகோள். நம் அடித்தளக் கிடங்கில் ஆசிட் கேனும் பிளீச்சிங் பவுடரும் ஒரே அலமாரியில் இருக்கின்றன. நாளை மறுநாளே பிரித்து வைக்க வேண்டும். இரண்டின் மேலும் 'ஒன்றோடு ஒன்று கலக்காதே' என்று பெரிய தமிழ் எழுத்தில் ஒட்ட வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்காகப் படமும் வேண்டும். இரண்டாவது, நம் வீடுகளில் வேலை செய்யும் பெண்களையும் துப்புரவுப் பணியாளர்களையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை டிபனோடு கூப்பிட்டு, இதை அவர்களுக்குச் சொல்ல வேண்டும். டிபன் செலவு என்னுடையது.

அந்த அம்மா இப்போதும் எங்கள் வீட்டுக்கு வருகிறார். குளியலறையை அமாவாசைக்கு அமாவாசை நானே கழுவுகிறேன், ஜன்னலைத் திறந்துவைத்து, வெறும் சோப்புத்தூள் போட்டு. முதல் தடவை அவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "மூலையில விட்டுட்டீங்க சார்" என்றார். திரும்பவும் தேய்த்தேன்.